சனி ஞாயிறில் பாண்டி, கடலூர்: வெயிலைப் பார்த்துத் திட்டம் போடுங்கள்

பாண்டிக்கு இரண்டு நாள் பயணம் போகிறவர்கள் பெரும்பாலும் இடங்களின் பட்டியலை எழுதிக்கொண்டு கிளம்புகிறார்கள். ஆரோவில், அரவிந்தர் ஆசிரமம், மணக்குள விநாயகர், சுண்ணாம்பாறு, பிச்சாவரம் என்று பட்டியல் நீளும். எந்த இடத்துக்கு எத்தனை மணிக்கு என்பது மட்டும் அதில் இருக்காது. பகல் பன்னிரண்டரைக்குக் கோயிலுக்குப் போனால் நடை சாத்தப்போகும் நேரம். ஆசிரமத்துக்குப் போனால் மதிய இடைவேளை. கடற்கரைக்குப் போனால் கால் வைக்க முடியாத மணல். மூன்று இடமும் அங்கேயேதான் இருக்கின்றன. நீங்கள் போன நேரம்தான் சரியில்லை.

இது கிழக்குக் கரை. சூரியன் கடலிலிருந்து எழுந்து ஊருக்குப் பின்னால் மறைகிறது. ஜனவரியில் ஆறரை மணி வாக்கிலும், மே கடைசியில் ஐந்தே முக்கால் வாக்கிலும் உதயம். காலை எட்டு மணிக்கெல்லாம் வெயில் முகத்தில் நேராக அடிக்கும். மாலை நாலு, நாலரைக்குக் கடற்கரைச் சாலைக் கட்டடங்களின் நிழல் நடைபாதையில் விழ ஆரம்பித்துவிடும். அதனால் விடியற்காலையும் மாலையும் கடலுக்கு. பத்து மணி வரை கோயிலும் தெருக்களும். பதினொன்றிலிருந்து மூன்றரை வரை சாப்பாடு, கூரையுள்ள இடம், தூக்கம். இந்தக் கணக்கை முதலில் போட்டுக்கொண்டு இடங்களை அதற்குள் அடுக்குங்கள். கடலில் அஸ்தமனம் பார்க்க வேண்டும் என்று வந்தால் ஏமாற்றம்தான். பதிலாகப் பௌர்ணமியை ஒட்டி வரும் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தால், இருட்டுகிற நேரத்தில் கடலிலிருந்து நிலா எழுவதைப் பார்க்கலாம். அது இங்கே இலவசம், யாரும் சொல்வதுமில்லை.

எந்த வாரம் போவது

ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். வெயில் இருக்கும், வாட்டாது. ஏப்ரல், மே மாதங்களில் பகல் கடுமை. நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே வந்தால் தாங்கலாம், காற்று தாமதமானால் புழுங்கித் தள்ளிவிடும். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இந்தக் கரை புயலுக்குப் பேர்போனது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில்தான் கரையேறியது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அந்த மாதங்களில் போவதென்றால், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் பாருங்கள். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே வானிலை மைய அறிவிப்பைக் கவனியுங்கள். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்தால் படகுச் சவாரியைத்தான் முதலில் நிறுத்துவார்கள்.

அறை கிடைக்காத நாட்களும் உண்டு. ஆசிரமத்தின் தரிசன நாட்களான பிப்ரவரி 21, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 15, நவம்பர் 24 ஆகியவற்றை ஒட்டிய வாரக்கடைசிகளில் வெளிமாநில அன்பர்கள் நிறைந்திருப்பார்கள். மாசிமகத்தன்று பாண்டி வைத்திக்குப்பத்திலும் கடலூர் தேவனாம்பட்டினத்திலும் ஊர் ஊராகச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும். அதைப் பார்க்கவே வருகிறவர்களுக்கு அருமையான நாள். அமைதி தேடி வருகிறவர்கள் தள்ளிப்போடலாம். புத்தாண்டு இரவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மீன் சாப்பிடத்தான் வருகிறீர்கள் என்றால் இன்னொரு கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப் படகுகள் கொண்டுவருவதுதான். வகை குறையும், விலை ஏறும். தட்டில் வருவது ஐஸில் இருந்ததா, அன்றைக்குப் பிடித்ததா என்று கேட்டுவிட்டே சொல்லுங்கள்.

தங்கும் இடம்

பாண்டி நகரத்தைப் பெரிய வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே கடலோரம் பிரெஞ்சுக்காரர்கள் இருந்த பகுதி, மேற்கே தமிழர் பகுதி. துய்மா வீதி, சுஃப்ரேன் வீதி, ரோமன் ரோலன் வீதி இருக்கும் கிழக்குப் பகுதியில் அறை எடுத்தால் எல்லாம் நடை தூரம். வாடகை அதற்கேற்ப இருக்கும். வாய்க்காலுக்கு மேற்கே வந்ததுமே வாடகை இறங்கும், நடை பத்து நிமிடம்தான் கூடும். கையில் அளவான பணம் வைத்திருப்பவர்களுக்கு எங்கள் தேர்வு வாய்க்காலுக்கு மேற்கே, நேரு வீதிக்கு அருகில்.

காரில் வருகிறவர்கள் முன்பதிவுக்கு முன் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். ஒன்று, வண்டி நிறுத்த விடுதிக்குச் சொந்த இடம் உண்டா? கிழக்குப் பகுதியின் பழைய வீடுகளில் பெரும்பாலும் கிடையாது. இரண்டு, கடற்கரைச் சாலையிலேயே இருக்கும் விடுதியா? அந்தச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. ஏழு மணிக்கு வந்து பெட்டியோடு நடப்பவர்களை ஒவ்வொரு சனிக்கிழமையும் பார்க்கலாம்.

ஆசிரம விருந்தினர் இல்லங்கள் சுத்தமானவை, சிக்கனமானவை. மதுவும் புகையும் கூடாது. இரவு பத்தரை மணியளவில் வாசல் கதவைப் பூட்டிவிடுவார்கள். அதற்கு ஒத்துவராதவர்கள் அங்கே எடுத்துவிட்டுச் சண்டை போட வேண்டாம்.

பாண்டியில் எதுவும் கிடைக்கவில்லையா? 22 கிலோமீட்டர் தெற்கே கடலூர் இருக்கிறது. திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையத்தைச் சுற்றியும் மஞ்சக்குப்பத்திலும் லாட்ஜுகள் உண்டு. பாண்டிக்கு பஸ் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அறை எடுக்கும்போது '24 மணி நேரமா, பன்னிரண்டு மணி செக்-அவுட்டா' என்று கேளுங்கள். 24 மணி நேரக் கணக்கென்றால் சனிக்கிழமை காலை பதினொன்றுக்கு எடுத்து ஞாயிறு பதினொன்று வரை ஒரே நாள் வாடகை. பன்னிரண்டு மணிக் கணக்கில் காலை ஏழுக்கே அறை வேண்டுமென்றால் பல இடங்களில் கூடுதல் நாளாகப் போட்டுவிடுவார்கள். கடலூரில் முகூர்த்த நாளா என்றும் காலண்டரைப் பாருங்கள்: பக்கத்துத் திருவந்திபுரம் கோயிலில் கல்யாணங்கள் வரிசையாக நடக்கும், அன்றைக்கு நகரத்து லாட்ஜ் எல்லாம் கல்யாண வீட்டார் கையில்.

வந்து சேர்வது

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ஏறத்தாழ 150 கிலோமீட்டர். பஸ்ஸில் மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், சனிக்கிழமை காலையில் நாலு. திண்டிவனம் வழியாகவும் பஸ் உண்டு. இரண்டுக்கும் ஏறுமிடம் ஒன்றாக இருக்காது என்பதால் டிக்கெட்டில் போட்டிருக்கும் நிலையத்தைப் பார்த்துவிட்டு ஆட்டோ ஏறுங்கள். ரயிலில் தெற்கிலிருந்து வருகிறவர்கள் விழுப்புரத்தில் இறங்கினால் பாண்டிக்கு 40 கிலோமீட்டருக்குள்தான். ரயிலுக்குக் காத்திருப்பதைவிட பஸ் சுலபம். தஞ்சாவூர், மயிலாடுதுறை பக்கத்துக்காரர்கள் கடலூருக்கே நேராக வரலாம். ஆனால் கடலூரில் இரண்டு நிலையங்கள்: திருப்பாதிரிப்புலியூர், கடலூர் துறைமுகம் சந்திப்பு. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பது முதலாவது. பெயரில் கடலூர் என்று இருக்கிறதே என்று துறைமுகத்தில் இறங்கினால் மறுபடி பல கிலோமீட்டர் ஆட்டோ.

சென்னையிலிருந்து சொந்த வண்டியில் வந்தால் ஆரோவில் பாண்டிக்கு முன்பே வரும். பெரிய முதலியார்சாவடியில் வலது பக்கம் திரும்பி குயிலாப்பாளையம் வழியாக உள்ளே போக வேண்டும். ஊருக்குள் போய் அறை எடுத்துவிட்டு மறுபடி வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் திரும்பி வருவது வீண். வருகிற வழியிலோ போகிற வழியிலோ முடித்துவிடுங்கள்.

ஆரோவிலைப் பற்றி ஒரு விளக்கம் தேவை, ஏனென்றால் மனத்தாங்கல் அதிகம் வருவது இங்கேதான். மாத்ரி மந்திர் என்ற பொன் உருண்டையை வெளியிலிருந்து பார்ப்பது வேறு, உள்ளே போய்த் தியானத்தில் அமர்வது வேறு. வெளியிலிருந்து பார்க்கப் பார்வையாளர் மையத்தில் இலவசச் சீட்டு தருவார்கள்; அங்கிருந்து மரநிழலில் ஒரு கிலோமீட்டர் போல நடந்தால் பார்வையிடம். உள்ளே போக முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். வந்த அன்றைக்கே கேட்டால் நடக்காது. வாரக்கடைசி இடங்கள் சீக்கிரம் நிரம்பும், ஆகவே அறைக்கு முன் இதைப் பதிவு செய்யுங்கள். செவ்வாய் அன்று அனுமதி இல்லை, அது நமக்குப் பிரச்சினையில்லை. ஞாயிறு நேரம் மற்ற நாட்களிலிருந்து மாறும் என்பதால் காலையிலேயே போவது பாதுகாப்பு.

சனிக்கிழமை

காலை பத்துக்குள் ஊருக்குள் வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியை விடுதியில் போட்டுவிட்டு முதலில் ஆசிரமம். காலை 8 முதல் 12, பிற்பகல் 2 முதல் 6 வரை. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை உள்ளே விடமாட்டார்கள், ஆகவே கைக்குழந்தையோடு வருகிற குடும்பம் ஒருவர் பின் ஒருவராகப் போய் வர வேண்டும். போன் சத்தம் கூடாது. அடுத்த தெருதான் மணக்குள விநாயகர். மதியம் நடை சாத்தினால் மாலை நாலுக்குத்தான் திறப்பு. வாசலில் நின்று ஆசி தந்த யானை லட்சுமி 2022 நவம்பரில் இறந்துவிட்டது. யானையைக் காட்டுகிறேன் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கூட்டிவராதீர்கள்.

அங்கிருந்து வெயில் ஏறுவதற்குள் பாரதி பூங்கா வரை நடந்தால் போதும். நடுவில் வெள்ளையாக நிற்பது ஆயி மண்டபம். பூங்காவை ஒட்டியே அருங்காட்சியகம். பழங்காலத் துறைமுக ஊரான அரிக்கமேட்டில் தோண்டியெடுத்த பொருட்கள் இங்கே இருக்கின்றன. 1945இல் தொல்லியல் அறிஞர் மார்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேடு நகரத்துக்குத் தெற்கே நாலைந்து கிலோமீட்டர், ஆனால் இன்றைக்கு அங்கே மாந்தோப்பும் இடிந்த சுவரும்தான். பானை ஓடுகளையும் மணிகளையும் பார்க்க வேண்டுமென்றால் அருங்காட்சியகமே மேல். திங்கட்கிழமை விடுமுறை.

பாரதி 1908 முதல் 1918 வரை இந்த ஊரில்தான் வாழ்ந்தார். ஈசுவரன் தருமராஜா கோயில் தெருவில் அவர் இருந்த வீடு நினைவகமாக இருக்கிறது. பாரதிதாசன் வாழ்ந்த வீடும் தனி நினைவகம். இரண்டும் தமிழர் பகுதியில். தெருவில் திண்ணையும் தூண்களுமாகப் பழைய வீடுகள் இன்னும் மிச்சமிருக்கின்றன. படம் எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் மஞ்சள் சுவர் தேடிக் கிழக்கேயே சுற்றுகிறார்கள். இந்தப் பக்கமும் ஒரு அரை மணி நேரம் கொடுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்குங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, ஊரே கடையடைத்துத் தூங்குகிற நேரம்.

நாலரைக்குக் கடற்கரைச் சாலை. காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை. சற்று வடக்கே 1836ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கம். கடலோரம் முழுக்கக் கருங்கல் பாறைகள் கொட்டிக் கிடக்கும்; இவை இயற்கையாக வந்தவை அல்ல. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 1980களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டிய கல்சுவர்கள் அந்த மணலைத் தடுத்துவிட்டன. தெற்கே மணல் குவிந்தது, வடக்கே கரை அரித்தது. அரிப்பைத் தடுக்கப் பாறை கொட்டினார்கள். பின்னர் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஒரு செயற்கைத் திட்டை அமைத்ததும் அந்தத் துண்டில் மட்டும் மணல் திரும்பி வந்தது. பிள்ளைகள் மணலில் விளையாட வேண்டுமென்றால் அங்கே போங்கள். பாறைமேல் ஏறிப் படம் எடுப்பது வேண்டாம். பாசி வழுக்கும், இடுக்கில் கால் போனால் எலும்பு முறியும்.

ஆறு மணிக்கு மேல் சாலை முழுக்க நடப்பவர்களுக்கு. காரைக் கடற்கரைச் சாலையிலோ அதன் வாயிலோ விட்டிருந்தால் ஐந்தரைக்குள் எடுத்துவிடுங்கள். தெற்கு முனையில் பழைய துறைமுகம் பக்கம் நிறுத்துவது தலைவலி குறைவு. கையில் அவித்த மல்லாட்டை (வேர்க்கடலை) பொட்டலத்தோடு ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தால் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் தூரம்தான்.

ஞாயிறு: ஒரு திசை மட்டும்

ஞாயிற்றுக்கிழமை உதயத்துக்குப் பத்து நிமிடம் முன்பே கடலுக்கு எதிரே இருங்கள். அதற்குப் பிறகு இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டையும் செய்ய நினைப்பவர்கள் நாள் முழுக்க வண்டியில்தான் இருப்பார்கள்.

குழந்தைகள் இருந்தால் சுண்ணாம்பாறு. கடலூர் சாலையில் எட்டு கிலோமீட்டர். படகுக் குழாமில் சீட்டு வாங்கி, உப்பங்கழி வழியாக ஆறு கடலில் சேரும் இடத்து மணல்திட்டான பாரடைஸ் பீச்சுக்குப் போகலாம். ஞாயிறு பதினொன்றுக்கு மேல் வரிசை நீளும், திறக்கும்போதே போய்விடுங்கள். அந்தக் கரையில் நிழல் குறைவு, ஆகவே குடை, தொப்பி, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் தூரம் போகத் தயாரென்றால் பிச்சாவரம் அலையாத்திக் காடு. இதற்கு உதயத்தைத் தியாகம் செய்ய வேண்டும்: பாண்டியிலிருந்து கடலூர், சிதம்பரம், கிள்ளை வழியாக எண்பது கிலோமீட்டர் போல, ஐந்தரைக்குக் கிளம்பினால்தான் எட்டு மணிக்குப் படகு. சனி இரவைக் கடலூரில் கழித்தவர்களுக்கு இது நல்ல வழி. விசைப்படகு அகலமான வாய்க்காலோடு நின்றுவிடும். துடுப்புப் படகுதான் சுரபுன்னை வேர்கள் குடைபோல் கவிந்த குறுகிய சந்துகளுக்குள் நுழையும். ஆகவே சீட்டு வாங்கும்போது துடுப்புப் படகு என்று சொல்லுங்கள், எத்தனை நேரம் என்பதையும் அங்கேயே உறுதி செய்துகொள்ளுங்கள். கிளைகளைப் பிடித்து இழுக்க வேண்டாம். அங்கே தில்லை மரங்களும் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கெடுதல். பத்தரைக்குள் படகை முடித்தால் சிதம்பரம் நடராஜர் கோயிலை மதியம் நடை சாத்துவதற்குள் பார்த்துவிடலாம். பதினொன்றரைக்கு மேல் ஆகிவிட்டால் அவசரப்படாதீர்கள், மாலைதான் மறுபடி திறப்பார்கள்.

கடலூரில் அரை நாள் இருந்தால்: காலையில் திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயில், கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் கரையேறிய தலம். ஆறு கிலோமீட்டர் மேற்கே திருவந்திபுரம் தேவநாதப் பெருமாளும், எதிரே மலைமேல் ஹயக்ரீவரும். பரீட்சை மாதங்களில் மலைப்படியில் மாணவர் கூட்டம் தாங்காது. மாலை தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை. பாண்டியில் இல்லாத நீண்ட மணல் இங்கே உண்டு, கூட்டமும் உள்ளூர்க் கூட்டம். பக்கத்தில் கெடிலம் ஆறு கடலோடு சேரும் இடத்தில்தான் ஆங்கிலேயர் 1690இல் மராத்தியரிடமிருந்து வாங்கிய புனித டேவிட் கோட்டை. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது இதுவே ஆங்கிலேயரின் தலைமையிடம். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்தபின் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை; கோட்டை என்ற பெயரை நம்பித் தனியாகப் போக வேண்டாம், கடற்கரைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தால் போதும்.

கடலில் இறங்குவது

பாண்டிக் கடற்கரைச் சாலையில் பாறைப் பகுதியில் எங்குமே இறங்காதீர்கள். பாண்டிக்கு வடக்கே உள்ள தந்திராயன்குப்பம், பாரடைஸ் பீச், வெள்ளிக் கடற்கரை மூன்றிலும் இழுப்பு உண்டு. அலை கரையில் கொட்டிய தண்ணீர் ஒரு குறுகிய வழியாகக் கடலுக்குத் திரும்பும். அந்த இடத்தில் அலை உடையாது, பார்க்க அமைதியாகத் தெரியும், நீர் கலங்கியிருக்கும். அமைதியாக இருக்கிறதே என்று அங்கே இறங்குபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். முழங்காலுக்கு மேல் போகாதீர்கள். இழுத்துவிட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைக்காமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பைவிட்டு வெளியே வந்த பிறகு கரைக்குத் திரும்புங்கள். குடித்துவிட்டு இறங்குவது, சங்கிலியாகக் கைகோர்த்துக்கொண்டு இறங்குவது இரண்டும் ஒன்றுதான். ஒருவர் சறுக்கினால் எல்லோரும் போவார்கள்.

வாடகை ஸ்கூட்டர்

வாடகைக்கு விட உரிமம் பெற்ற வண்டியின் எண் பலகை கறுப்பு, எழுத்து மஞ்சள். வெள்ளைப் பலகை வண்டியை மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள். விபத்தானால் காப்பீட்டுக்காரர் கையை விரித்துவிடுவார். ஓட்டுநர் உரிமத்தின் அசலை அடமானமாகக் கேட்பார்கள். கொடுத்துவிட்டால் வழியில் போலீஸ் கேட்கும்போது கையில் இருக்காது, ஆகவே வேறு அடையாள அட்டையைக் கொடுக்கப் பேசுங்கள். எடுக்கும் முன் நாலு பக்கமும் கீறல்களை வீடியோ எடுங்கள். இரண்டு பிரேக்கையும் கடை வாசலிலேயே பிடித்துப் பாருங்கள். டேங்க் பெரும்பாலும் காலியாகத்தான் வரும். ஹெல்மெட் இருவருக்கும் கேட்டு வாங்குங்கள். ஊரைத் தாண்டிக் கோட்டக்குப்பம் போனாலே அது தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். ஊருக்குள் நேரு வீதி உட்படப் பல தெருக்கள் ஒருவழி. மேப் சொன்னாலும் தெரு முனைப் பலகையைப் பார்த்துத் திரும்புங்கள்.

கிளம்பும் நேரம்

ஞாயிறு முழுக்கக் காந்தி வீதியில் சண்டே மார்க்கெட். துணி, செருப்பு, பழைய புத்தகம் எல்லாம் தரையில் பரப்பியிருக்கும், பேரம் பேசலாம். ஆனால் வண்டியோடு அந்தப் பக்கம் மாட்டினால் வெளியே வர நேரமாகும். அந்தத் தெருவை ஒட்டி அறை எடுத்தவர்கள் காரை முதல் நாளே வேறு இடத்துக்கு மாற்றிவிடுவது நல்லது.

மாலை நாலு முதல் எட்டு வரை சென்னைப் பக்கம் போகிற எல்லோரும் ஒன்றாகக் கிளம்புகிறார்கள். முத்தியால்பேட்டையும் ராஜீவ் காந்தி சிலையும் திணறும். தெற்கே போகிறவர்களுக்கு மரப்பாலமும் முருங்கப்பாக்கமும். இரண்டு மணிக்கே கிளம்புங்கள், அல்லது இரவுச் சாப்பாட்டை இங்கேயே முடித்துவிட்டு ஒன்பதுக்கு மேல் போங்கள். பெட்ரோல் தமிழ்நாட்டைவிட இங்கே விலை குறைவு, எல்லையைத் தாண்டும் முன் போட்டுக்கொள்ளுங்கள்.

அதே எல்லையில் மது பாட்டிலுக்குச் சலுகை கிடையாது. பாண்டியில் வாங்கியதைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுபோவது குற்றம். கடலூர் வழியில் ஆல்பேட்டையிலும் மற்ற வழிகளிலும் சோதனைச் சாவடிகள் உண்டு. பஸ்ஸிலும் ஏறிப் பையைத் திறந்து பார்ப்பார்கள். வண்டியில் பிடிபட்டால் வண்டியும் போகும்.

ஊருக்கு ஏதாவது வாங்கிப் போக வேண்டுமென்றால் பண்ருட்டி வழியாகத் திரும்புகிறவர்களுக்கு யோகம்: கோடையில் பலா, ஆண்டு முழுக்க முந்திரி. முழுப் பருப்பில் 320 என்று எழுதியிருந்தால் ஒரு பவுண்டுக்கு அத்தனை பருப்பு வரை என்று பொருள். 240 என்றால் பருப்பு பெரிது, விலையும் கூடுதல். பாயசத்துக்கும் பொங்கலுக்கும் உடைத்த பருப்பு போதும். ஒன்றை வாயில் போட்டுப் பார்த்து, மொறுமொறுப்பாக இருந்தால் மட்டும் எடை போடச் சொல்லுங்கள்.